கிளிமீன் கட்டிய நாடு தெரியுமா? மாலத்தீவில் தோணி ஏறி ஒரு நாள்!

மாலே விமான நிலையத்தில் இறங்கி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தால் எதிரே என்ன நிற்கும் தெரியுமா? கடல்! விமான நிலையமே தனித் தீவு. சில அடி நடந்தால் படகுத்துறை. நம் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவதுபோல் அங்கே படகுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். தலைநகர் மாலேவுக்குக் கார் போகிற பாலம் வந்ததே 2018-இல்தான்.

இன்னொன்று கேளுங்கள். இந்த நாட்டின் பரப்பு, கடலையும் சேர்த்தால் சுமார் 90,000 சதுர கிலோமீட்டர். அதில் மண் என்று காலை வைக்கக்கூடிய இடம் 300 சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. நூறு ரூபாயில் முப்பத்துமூன்று பைசா நிலம், மிச்சமெல்லாம் தண்ணீர்! ஏறக்குறைய 1,200 தீவுகள். ஊர் என்று மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில். ஆகவே மாலத்தீவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு தீவில் போய் உட்கார்ந்தால் போதாது. விடியற்காலை படகேறி இருட்டிய பிறகு இறங்க வேண்டும். நான் மாலேயிலிருந்து 27 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாஃபுஷி என்ற சின்னத் தீவில் தங்கி, அங்கிருந்து அப்படி ஒரு நாள் போனேன். அன்று கண்டதையும், கண்டதற்குக் காரணம் தேடியபோது தெரிந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!

ஏறுகிற படகுக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தோனி’. நம் தோணிதான்! ணகரம் மட்டும் னகரமாகியிருக்கிறது. இன்றும் தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போய்வருகின்றன; பேரும் ஒன்று, வழியும் ஒன்று. பழைய மாலத்தீவுத் தோனியைத் தச்சர்கள் வரைபடம் ஏதும் இல்லாமல், கண் அளவும் கை அளவுமாகவே கட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? கட்டை தென்னை, கயிறு தென்னை, பாய் தென்னோலை. இப்போது ஃபைபர் வந்துவிட்டது. ஆனாலும் முன்பக்கம் அரிவாள்போல வளைந்து எழும் அந்த அணியம் இருக்கிறதே, அதை மட்டும் விடவில்லை.

படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். வலமிருந்து இடமாகப் போகும் தானா எழுத்து. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? 1 முதல் 9 வரையிலான அரபு எண்களிலிருந்து! எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட மாலத்தீவு மொழி, திவேகி.

படகில் கொடுத்த காலை உணவு ‘மஸ் ஹுனி’. சூரை மீன் உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு எலுமிச்சை பிழிந்து பிசைந்தது; தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. ஒரு வாய் வைத்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஏன் வராது? ‘மஸ்’ என்றால் திவேகியில் மீன். அவித்து, புகைபோட்டு, விறகுக்கட்டைபோல் காயவைத்த அந்தச் சூரைதான் தூத்துக்குடிப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் நாம் இடித்துப் போடும் மாசி! நூற்றாண்டுக் கணக்காக நம் சம்பலுக்குள் மாலத்தீவு இருந்திருக்கிறது. ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் ‘பழந்தீவு பன்னீராயிரம்’ இந்தத் தீவுக்கூட்டம்தான் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். எண்ணிக்கையைப் பத்து மடங்கு கூட்டிவிட்டார்கள், போகட்டும். படகில் போகிறவருக்குப் பன்னீராயிரம் என்றுதான் தோன்றும்!

நீங்கள் மிதப்பது மலை உச்சியின் மேல்!

துறையை விட்டு அரை மணி நேரம். தண்ணீர் முதலில் பால் கலந்த பச்சை, பிறகு மயில் கழுத்து, பிறகு திடீரென்று மை நீலம். கோடு கிழித்ததுபோல் நிறம் மாறுகிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் அதல பாதாளம்.

காரணம், கீழே புதைந்திருக்கும் எரிமலைகள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியிலிருந்து ஒரு பெரும் வெப்ப ஊற்று கிளம்பி, மராட்டிய மாநிலத்தையே லாவாவால் மூடியது. அஜந்தா குகைகளைக் குடைந்திருக்கும் கருங்கல் அந்த லாவாதான். பிறகு இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்தது. ஊற்று ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. எரியும் அடுப்புக்கு மேல் தோசைக்கல்லை நகர்த்திக்கொண்டே போனால் சூடுபடும் இடம் மாறிக்கொண்டே வருமல்லவா? அப்படி வரிசையாக லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ்! கடைசிக் கண்ணியான ரீயூனியன் தீவில் எரிமலை இன்றும் பொங்கிக்கொண்டிருக்கிறது. அஜந்தாவுக்கும் மாலேவுக்கும் ஒரே அடுப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

எரிமலை அணைந்தது, மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்தது. பவளப் பூச்சிகளுக்கோ வெளிச்சம் வேண்டும். மலை ஓர் அங்குலம் இறங்கினால் அவை ஓர் அங்குலம் மேலே கட்டின. பவளத்தீவு வளையங்கள் இப்படித்தான் உருவாகியிருக்கும் என்று 1842-இல் புத்தகமே எழுதினார் சார்லஸ் டார்வின். அவர் மாலத்தீவுக்கு வந்ததே இல்லை! பிற்காலத்தில் இங்கே துளையிட்டுப் பார்த்தபோது எரிமலைப் பாறை தட்டுப்படுவதற்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் இறங்க வேண்டியிருந்தது. அத்தனையும் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. இப்படிப்பட்ட வளையத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் ‘அட்டோல்’ என்ற பெயரும் திவேகி மொழி கொடுத்த கொடை.

கடலுக்குள் கடுகு தாளிப்பது யார்?

முதல் நிறுத்தம். முகமூடி, மூச்சுக்குழாய், கால் துடுப்பு. தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கண்ணுக்கு முன்னால் காதுதான் திகைக்கிறது. சடசட, பொடபொட! வாணலியில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடிக்கிற அதே சத்தம், எல்லாப் பக்கமும்.

அது ஓர் இறால். விரல் நீளம்கூட இல்லாத, ஒரு கொடுக்கு மட்டும் வீங்கிப் பெருத்த இறால்! அந்தக் கொடுக்கை அது மூடும் வேகத்தில் தண்ணீர் பீறிட்டு, பின்னாலேயே ஒரு குமிழி உண்டாகிறது. குமிழி உடையும்போது எழுவதுதான் அந்தச் சடசட. கொடுக்கு மோதுகிற சத்தம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் குமிழியின் வேலை என்று அதிவேகக் கேமரா காட்டிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு இன்னொரு அதிர்ச்சி: உடையும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் 4,700 டிகிரி செல்சியஸுக்கு மேல்! சூரியனின் மேற்பரப்பே ஏறக்குறைய 5,500 டிகிரிதான். கண்ணுக்கு எட்டாத ஒரு மின்னலும் அதில் வெட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் எதிரியின் காதுக்குத் தப்ப இந்த இறால் கூச்சலுக்குள் ஒளிந்துகொண்டன. மீன் குஞ்சுகளுக்கோ இது வீட்டு விலாசம்: திறந்த கடலில் மிதந்து வளரும் அவை, சத்தம் வரும் திசையைப் பிடித்துக்கொண்டே பவளப் பாறைக்கு வந்து சேர்கின்றன.

காதைக் கொஞ்சம் கூராக்கினால் இன்னொரு சத்தமும் கேட்கும். கரக், கரக். யாரோ கற்கண்டு கடிக்கிறார்கள்!

நீங்கள் படுத்திருக்கும் வெள்ளை மணல் எங்கிருந்து வந்தது?

அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு போனேன். மூன்றடி தூரத்தில் அவர். பச்சையும் ஊதாவும் ரோஜாவும் கலந்த உடம்பு, கிளி மூக்கு. கிளிமீன்! பாறையை ஒரு கடி. தலையைப் பின்னுக்கு இழுத்து, இன்னொரு கடி. கடித்த இடத்தில் உளியால் கொத்தியதுபோல் இரண்டு வெள்ளைக் கீறல். நாலு கடி கடித்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னாலிருந்து புகைபோல் ஒரு வெள்ளைத் தூள் கொட்டி, தண்ணீரில் மெல்லப் பரவி இறங்கியது.

மணல்!

ஆமாம், மணல்தான். கிளிமீனுக்கு வேண்டியது பவளப் பாறையில் ஒட்டிப் படர்ந்த பாசியும் நுண்ணுயிரும். அதைச் சுரண்டும்போது பாறையும் சேர்ந்தே வருகிறது. தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசை அதை மாவாக அரைக்கிறது. சத்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது, சுண்ணாம்பு வெளியே போகிறது. அந்த அலகு இருக்கிறதே, அது ஒரே பல் இல்லை. ஒரு வகைக் கிளிமீனை ஆராய்ந்தவர்கள் 15 வரிசைகளில் சுமார் 1,000 பற்கள் நெருக்கி ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். உயிர்கள் உண்டாக்கும் பொருள்களில் மிகக் கடினமானவற்றில் ஒன்று அந்தப் பல்!

ஒரு பெரிய கிளிமீன் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தள்ளுகிறது. மாலத்தீவின் வக்காரு என்ற தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறையில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் தயவு! அந்த நாட்டில் நீங்கள் துண்டு விரித்துப் படுக்கும் கரை, தேனிலவுத் தம்பதி போட்டோ எடுக்கும் கரை, பிள்ளைகள் வீடு கட்டும் கரை, எல்லாம் பெரும்பாலும் மீன் மென்று கழித்த பவளம்.

அதனால்தான் உச்சி வெயிலிலும் கால் சுடுவதில்லை. மெரினாவில் பகல் 12 மணிக்குச் செருப்பில்லாமல் ஓடிப் பாருங்கள்! இந்த மணல் வெளுப்பு. வெயிலைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கிளிமீன் கதை இன்னும் முடியவில்லை. பல வகைகளில், பெண்ணாக வாழ்ந்த மீன் பின்னாளில் ஆணாக மாறிவிடும். மங்கிய நிறம் போய் அந்த மயில் நிறம் வருவது அப்போதுதான். ராத்திரி தூங்கும் முன் சில வகைகள் வாயிலிருந்து கோழை சுரந்து, உடம்பைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு பை கட்டிக்கொள்கின்றன. எதற்கு? இரவில் ரத்தம் குடிக்க வரும் ஒட்டுண்ணிகளைத் தடுக்க என்று 2010-இல் ஆய்வில் தெரிந்தது. ராத்திரிக்கு ராத்திரி புதிதாகக் கட்டும் கொசுவலை! நம் வீட்டில் ஒரு நாள் கொசுவலை கட்ட எவ்வளவு அலுத்துக்கொள்கிறோம்!

கிளிமீன் இல்லையேல் பாசி மூடிப் பவளம் மூச்சுத் திணறும். பவளம் இல்லையேல் கிளிமீனுக்கு மெல்ல ஒன்றுமில்லை. 1998-இல் கடல் சூடேறி இந்தத் தீவுகளின் ஆழமற்ற பாறைகளில் பவளம் பெருமளவு வெளுத்துச் செத்தது. தேறி வரும்போது 2016-இல் மறுபடி. நான் பார்த்த இடத்திலும் மான்கொம்புப் பவளம் ஒரு பாதி உயிரோடும் மறு பாதி சாம்பல் குச்சியாகவும் நின்றது. நெஞ்சு பிசைந்துவிட்டது. குச்சியின் நுனியில் சுண்டுவிரல் நகம் அளவு ஊதா நிறத்தில் ஒரு புதுத் துளிர் இருந்ததையும் பார்த்தேன். தயவுசெய்து யாரும் பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். உங்கள் உயரப் பாறையென்றால் அதற்கு உங்கள் தாத்தாவின் தாத்தா வயது!

இடம் பெயரும் கரை!

மதியச் சாப்பாடு ஒரு ‘ஃபினோலு’வில். மரம் இல்லை, புல் இல்லை, கடல் நடுவே கொட்டிவைத்த ஒரு பிடி மணல். இந்தத் திட்டுகள் நடமாடுபவை என்பது தெரியுமா? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வீசும் வாடைப் பருவத்துக்கு ‘இருவை’ என்று பெயர். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவத்துக்கு ‘ஹுளங்கு’. காற்று மாறினால் அலை மாறும், அலை மாறினால் மணல் தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும். ஆறு மாதம் கழித்து வந்தால் நீங்கள் சாப்பிட்ட இடத்தில் மீன் நீந்தும்!

அங்கே ஒரு சோழி கிடைத்தது. கட்டைவிரல் நகம் அளவு, மஞ்சள் கலந்த வெள்ளை. பல்லாங்குழியில் வைத்து ஆடும் அந்தச் சோழிதான் ஒரு காலத்தில் வங்காளத்திலும் ஆப்பிரிக்காவிலும் செல்லுபடியான பணம், மாலத்தீவு அதன் நாணயச் சாலை! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்-பிரூனி இந்தக் கடலின் தீவுகளை இரண்டாகப் பிரித்தே பெயர் எழுதினார்: சோழித் தீவுகள், கயிற்றுத் தீவுகள் என்று. சோழியைத் திரும்ப வைத்துவிட்டேன்.

பக்கத்து ஊர்த் தீவில் தண்ணீர் குடிக்க இறங்கியபோது துறவி நண்டுகளின் வரிசையைப் பார்த்தேன். நிலத்தில் திரியும் துறவி நண்டுகளுக்குச் சொந்த ஓடு கிடையாது. காலி நத்தை ஓட்டில் குடித்தனம். வளர வளர வீடு போதாது. பெரிய காலி ஓடு ஒன்று அகப்பட்டால், பொருந்தாத நண்டு போய்விடாது, காத்திருக்கும். இன்னொன்று வரும், அதுவும் காத்திருக்கும். பெரியதிலிருந்து சிறியது வரை அளவுப்படி வரிசை கட்டி நிற்கும்! சரியான அளவு ஆள் வந்து அந்த ஓட்டுக்குள் குடிபோனதும், மடமடவென்று ஆளுக்கு ஒரு வீடு மேலே மாறும். ரேஷன் கடையில்கூட இப்படி ஒழுங்கு பார்த்ததில்லை!

அந்தக் குடிதண்ணீரும் ஓர் அதிசயம். ஆறு இல்லை, ஏரி என்று சொல்ல ஒன்றும் இல்லை, நாலு பக்கமும் உப்பு. ஆனாலும் தீவுக்கு நடுவே தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்! மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நிற்கும் என்பது கணக்கு. தாத்தா பாட்டி காலம் முழுக்க இந்தக் கிணறுகள்தான் காப்பாற்றின. இப்போது நெரிசல் கூடி, கடலும் ஏறி, கிணறு கரிக்கத் தொடங்கியதால் மழைநீர்த் தொட்டியும் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலையும் வந்துவிட்டன. சராசரி 1.5 மீட்டர் உயரமே உள்ள நாடல்லவா! 2009 அக்டோபர் 17 அன்று அதிபர் முகமது நஷீத் தம் அமைச்சர்களோடு காற்று உருளை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் மேசை போட்டு அமைச்சரவைக் கூட்டமே நடத்தினார். பேச முடியாது, சைகைதான். கார்பன் புகையைக் குறையுங்கள் என்று உலகுக்கு ஒரு வேண்டுகோள் எழுதி, தண்ணீருக்குள்ளேயே கையெழுத்துப் போட்டார்கள்.

நட்சத்திரம் எண்ணும் கணக்கு, சுறாவுக்கு!

நேரமும் பணமும் இருந்தால் தெற்கு ஆரி வளையம் வரை போகலாம். அங்கே ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறா வரும், பெரும்பாலும் இளவட்ட ஆண்கள். உலகின் மிகப் பெரிய மீன். சாப்பிடுவதோ மிதவை உயிரிகளை! அதன் முதுகுப் புள்ளிகள் நம் கைரேகைபோல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. படமெடுத்து அடையாளம் காண்பதற்கு என்ன கணக்கு முறை தெரியுமா? வானத்துப் படங்களில் நட்சத்திரக் கூட்டங்களை ஒப்பிட வானியலாளர்கள் வைத்திருந்த முறை! அதைத்தான் மாற்றியமைத்துச் சுறாவுக்குப் பூட்டினார்கள். உங்கள் சுற்றுலாப் படமும் அந்த ஆய்வுக்கு உதவும்.

மாலை நாலரை. ‘டால்ஃபின் பார்க்கும் நேரம்’ என்றார் படகோட்டி. அதென்ன, அவற்றுக்குக் கடிகாரமா? ஒரு வகையில் ஆமாம்! ஸ்பின்னர் டால்ஃபின், நம் மொழியில் சொன்னால் சுழலும் ஓங்கில், இரவில் ஆழ்கடலில் வேட்டையாடும். காலையில் கால்வாய் வழியாக வளையத்துக்குள் வந்து ஓய்வெடுக்கும். மூளையின் பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். சாயங்காலம் மறுபடி வெளியே கிளம்பும். அந்தக் கால்வாய்க்குத் திவேகியில் ‘கண்டு’ என்று பெயர். படகு கண்டுவின் வாயில் போய் நின்றது. முதலில் ஒரு முதுகு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை! ஒன்று நேராக மேலே எழும்பி, பம்பரம்போல் சுற்றி, பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது. ஒரே தாவலில் ஏழு சுற்று வரை சுற்றும் என்கிறார்கள். நான் எண்ணியதில் நாலு வரைக்கும்தான் வந்தது, அதற்குள் அடுத்தது எழும்பிவிட்டது.

திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. நிலா இல்லாத நாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். திடீரென்று படகோட்டி விளக்கை அணைத்து, வேகத்தைக் குறைத்து, கையைத் தண்ணீரில் விடச் சொன்னார். விட்டோம். நீலத் தீ! ஐந்து விரலிலிருந்தும் ஐந்து கோடாக நீல வெளிச்சம் ஓடியது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் மிதவை உயிரிகள்; தொடும்போதெல்லாம் நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் மின்னும். தன்னைத் தின்ன வரும் பகைவனை அதைவிடப் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கவே இந்த விளக்கு என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணங்களில் ஒன்று. எல்லா நாளும் இது கிடைக்காது, அன்று கிடைத்தது.

சிறுமி முழங்கை வரை விட்டு அளைந்தாள். பிறகு கையை வெளியே எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் இரண்டு நீலப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு மினுங்கின. “அம்மா, பாரேன்!” என்று அவள் திரும்புவதற்குள் ஒன்று அணைந்துவிட்டது. இன்னொன்று இருந்தது.